தோட்டத்து வீட்டுல உக்காந்து ஐஸ் ஹாக்கி பையன எடை போடுறது எப்படி, முதல்ல ரெஃப்ரிய பாருங்க

சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல ஹாக்கின்னு சொன்னா எல்லாருக்கும் திடல்ல ஆடுற ஹாக்கிதான் ஞாபகம் வரும், வராம எப்படி இருக்கும், காடிய எடுத்தா அரை மணி நேரத்துல ஈப்போ, 1983-ல ஆரம்பிச்ச சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நடக்குற ஊரு, நம்ம அப்பா காலத்து ஆளுங்க தோட்டத்து பாடாங்குல வெறுங்கால்ல ஸ்டிக் புடிச்சவங்க. ஐஸ் ஹாக்கின்னா "ஐஸ் பெட்டிக்குள்ளயா ஆடுறாங்க"ன்னு கேக்குற மாமாங்க இன்னும் இருக்காங்க. ஆனா இப்போ காலையில ஒட்டுக்கடையில ரோட்டி சானாய் பிச்சு போட்டுக்கிட்டே போன்ல என்.எச்.எல் (அமெரிக்கா கனடாவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) பாக்குற பசங்க கொஞ்ச பேரு கிளம்பியிருக்கானுங்க, அவங்களுக்குத்தான் இத எழுதுறேன், மத்தவங்களும் படிக்கலாம் காசு கேக்க மாட்டேன்.

இந்த பசங்க பேசுறது எப்பவும் மூணு தினுசு. இந்த பையன் அறுபது பாயிண்ட் (போட்ட கோலும் கோலுக்கு கொடுத்த பாஸும் சேத்த கணக்கு) எடுத்திருக்கான் பெரிய ஆளா வருவான், அந்த பையன் ஓவரா பெனல்டி (தப்புக்கு சில நிமிஷம் வெளிய உக்காருறது) வாங்குறான் தேற மாட்டான், அப்புறம் புடிச்ச டீம் தோத்துட்டா ரெஃப்ரி காசு வாங்கிட்டான். மூணாவது பேச்சுக்கும் முதல் ரெண்டு பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பேசுறானுங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. செம்பனை குலைய லாரியில ஏத்தி மில்லுக்கு அனுப்புறோம், அங்க டிம்பாங் (தராசு) சரியில்லன்னா குலையோட எடைன்னு எழுதிக் கொடுக்குற சீட்டுக்கு என்ன மரியாதை, அதே கதைதான் இங்கயும். ஒரு ஆட்டத்துல ரெஃப்ரி எத விடுறாரு எத ஊதுறாருன்னு தெரியாம ஆட்டக்காரனோட பாயிண்ட்டையும் பெனல்டி நிமிஷத்தையும் படிச்சா ஒண்ணும் தேறாது. அதனால என் வழி என்னன்னா ஆட்டம் ஆரம்பிச்சு முதல் பத்து நிமிஷம் ரெஃப்ரிய பாக்கணும், அப்புறம்தான் பையன்.

முதல்ல நேரம். அமெரிக்கா கனடா கிழக்கு பக்கம் ராத்திரி 7 மணி ஆட்டம்னா நமக்கு மறுநாள் காலையில 7 மணி, அவங்க நவம்பர்ல கடிகாரத்த மாத்துனதும் 8 மணி, மார்ச்சுல மறுபடியும் 7-க்கு வந்துரும். மேற்கு பக்கத்து ஆட்டம் அதுக்கு மூணு மணி நேரம் கழிச்சு, அது வேலையில இருக்குற நேரம், முதலாளி இல்லாதப்போ பாருங்க. ஐரோப்பா லீக்னா நடுராத்திரி ஆயிரும், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு அதான் வசதி. சின்ன பசங்கள பாக்கணும்னா இருபது வயசுக்கு கீழ உள்ளவங்க ஆடுற உலக ஜூனியர் போட்டி, டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி 5 வாக்குல முடியும், அத விடாதீங்க. கோல் மட்டும் வெட்டி ஒட்டுன பத்து நிமிஷ யூடியூப் வீடியோவ வச்சு யாரையும் எடை போடாதீங்க, அதுல ஊதாம விட்டது ஒண்ணு கூட இருக்காது, முழு ஆட்டம் கிடைக்கலன்னா ஒரு பீரியட் (ஆட்டத்துல மூணுல ஒரு பங்கு, இருபது நிமிஷம்) முழுசா பாத்தா போதும்.

இப்போ கோடு போட்ட சட்டைக்காரங்க. ஐஸ்ல நாலு பேரு இருப்பாங்க, கையில ஆரஞ்சு பட்டை கட்டுன ரெண்டு பேரு ரெஃப்ரி, பட்டை இல்லாத ரெண்டு பேரு லைன்ஸ்மேன். ஆஃப்சைடு, ஐசிங்னு கோடு சம்பந்தப்பட்டது எல்லாம் லைன்ஸ்மேன் வேலை, சண்டை வந்தா நடுவுல புகுந்து பிரிச்சு விடுறதும் அவங்கதான், ரெண்டு நிமிஷ பெனல்டிய பொதுவா அவங்க ஊத மாட்டாங்க, ஐஸ்ல ஆள் எண்ணிக்கை கூடிப்போச்சுன்னா அது மாதிரி சிலதுதான். இது தெரியாமதான் பாதி பேரு லைன்ஸ்மேன புடிச்சு திட்டுறது, அவரு பக்கத்துலதான் நின்னாரு கண்ணு தெரியலையான்னு, தெரிஞ்சிருக்கும் தம்பி, ஊதுற அதிகாரம்தான் இல்ல.

முன்னாடி ஒரே ரெஃப்ரிதான் இருந்தாரு. 1993 பிளேஆஃப்ல (சீசன் கடைசியில கோப்பைக்கு நடக்குற சுற்று) லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸும் டொரொன்டோவும் ஆடுன ஆறாவது ஆட்டம், ஓவர்டைம், கிங்ஸ் ஆளு வெய்ன் கிரெட்ஸ்கியோட ஸ்டிக் டொரொன்டோ ஆளு டக் கில்மோர் முகத்துல பட்டு ரத்தம், ரெஃப்ரி கெர்ரி ஃப்ரேசர் பாக்கல, லைன்ஸ்மேன் ரெண்டு பேரும் பாத்தோம்னு சொல்லல, கொஞ்ச நேரத்துல அதே கிரெட்ஸ்கி கோல் போட்டு ஆட்டத்த முடிச்சாரு. டொரொன்டோக்காரங்க இன்னும் அத பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. 200 அடி நீளம் 85 அடி அகலம் உள்ள இடத்துல ஒரு ஆள் மட்டும் எல்லாத்தையும் பாக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், 1998-99 சீசன்ல சில ஆட்டத்துக்கு ரெண்டு ரெஃப்ரி வச்சு பாத்து 2000-01-ல இருந்து எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு பேருன்னு ஆக்கிட்டாங்க. நம்ம திடல் ஹாக்கியிலயும் ரெண்டு அம்பயர்தான், ஆனா அங்க ஆளுக்கு பாதி பாதின்னு பிரிச்சுக்குவாங்க, இங்க ரெண்டு பேருமே முழு ரிங்குக்கும் ஊதலாம், அதனால ஒருத்தர் கோல் பக்கத்து மூலையில உள்ள நிப்பாரு, இன்னொருத்தர் பின்னாடி நீலக்கோட்டுக்கு வெளிய தள்ளி வருவாரு.

இங்க இருந்துதான் ரெஃப்ரிய எடை போடுறது தொடங்குது. பெனல்டி நடந்தா உடனே விசில் வராது, ரெஃப்ரி கையதான் தூக்குவாரு, தப்பு பண்ண டீம் ஆளு பக்க (ஐஸ்ல அடிச்சு ஆடுற ரப்பர் வட்டு, அதுதான் பக்) வசப்படுத்துனாத்தான் விசில், அதுவரைக்கும் ஆட்டம் ஓடும், எதிர் டீம் தன்னோட கோல் கீப்பர பெஞ்சுக்கு இழுத்து ஆறாவது ஆளா ஒருத்தன இறக்கிருவாங்க. அந்த கை தூக்குறத கவனிங்க. யாரு தூக்குறாரு, கிட்ட நிக்கிறவரா தூரத்துல நிக்கிறவரா, எவ்வளவு சீக்கிரம். கிட்ட நிக்கிறவரு தெளிவா பாத்துட்டு விட்ட ஒண்ண 60 அடி தள்ளி நிக்கிறவரு கைய தூக்குனா அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னு அர்த்தம், அப்படிப்பட்ட ஆட்டத்துல வர்ற பெனல்டி கணக்க ஆட்டக்காரன் தலையில கட்டக்கூடாது. அதே சமயம் கிட்ட நின்னவருக்கு முன்னாடி ஒரு முதுகு மறைச்சிருந்தா தூரத்துக்காரரு ஊதுறதுதான் சரி, அதுக்குத்தானே ரெண்டு பேர வச்சிருக்கு, ரெஃப்ரியும் பக்கும் ஒரே கோட்டுல இருக்காங்களா நடுவுல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டு பேசுங்க.

ஒரு பள்ளிக்கூட நோட்டு எடுத்துக்குங்க, போன்ல எழுதுனா அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப் வந்து கவனம் போயிரும். ஒரு பக்கம் ரெஃப்ரிக்கு, எதிர் பக்கம் ஆட்டக்காரனுக்கு. ரெஃப்ரி பக்கத்துல ஆட்ட நேரம், ஸ்கோரு, என்ன நடந்துச்சு, ஊதுனாரா விட்டாரா, அதனால பக் கை மாறுச்சா, இவ்வளவுதான். ஊதுனத எழுதுறது லேசு, அது டிவியிலேயே வரும். விட்டத எழுதுறதுதான் வேலை. முதல் பீரியட்ல இடுப்புல ஸ்டிக்க போட்டு இழுத்தத ஊதிட்டு மூணாவது பீரியட்ல அதையே விடுறாரா, ஜெயிக்கிற டீமுக்கு ஒரு மாதிரி தோக்குற டீமுக்கு ஒரு மாதிரியா, நோட்டுல இருந்தாத்தான் தெரியும், ஞாபகத்துல வச்சுக்கிட்டா நமக்கு வேண்டிய டீமுக்கு எதிரா ஊதுனது மட்டும்தான் மனசுல நிக்கும். ஒரு நல்ல ரெஃப்ரி கடுமையா ஊதுறவரா இருக்கலாம் தாராளமா விடுறவராவும் இருக்கலாம், என்னை கேட்டா ரெண்டுமே குத்தம் இல்ல, 60 நிமிஷமும் ஒரே மாதிரி இருந்தா ஆட்டக்காரனுங்க அஞ்சு நிமிஷத்துல பழகிக்குவானுங்க. நடுவுல மாத்துறவருதான் பிரச்சினை.

இன்னொன்னு, ஸ்லோ மோஷன்ல முதல்ல பாக்காதீங்க. ஸ்லோ மோஷன்ல எல்லா மோதலும் கொலை முயற்சி மாதிரி தெரியும். ரெஃப்ரிக்கு கிடைச்சது ஓடுற வேகத்துல ஒரே ஒரு பார்வை, அதனால நீங்களும் முதல்ல அந்த வேகத்துல பாத்து ஊதுவேனா மாட்டேனான்னு முடிவு பண்ணி எழுதிட்டு அப்புறம் ரீப்ளே பாருங்க. ரெண்டும் வேற வேறயா வந்துச்சுன்னா அத ரெஃப்ரி தப்புன்னு எழுதாம கஷ்டமான ஊதல்னு தனியா ஒரு குறி போட்டுக்குங்க.

அளவுகோலே வருஷத்துக்கு வருஷம் மாறும்கிறத மறந்துராதீங்க, இது ரொம்ப முக்கியம். 2004-05 சீசன் சம்பளத் தகராறுல ஒரு ஆட்டம் கூட நடக்கல, அடுத்த சீசன் திரும்பி வந்தப்போ என்.எச்.எல் ஹூக்கிங் (ஸ்டிக்கால மாட்டி இழுக்குறது), ஹோல்டிங் (புடிச்சு நிறுத்துறது), இன்டர்ஃபெரன்ஸ் (பக் இல்லாதவன மறிக்கிறது) எதையும் விட மாட்டோம்னு சொல்லிருச்சு, ரூல் புத்தகத்துல முன்னாடியே இருந்ததுதான், ஊத ஆரம்பிச்சதுதான் புதுசு. 2005-06-ல ஒரு டீமுக்கு ஒரு ஆட்டத்துல சராசரியா கிட்டத்தட்ட 6 பவர் ப்ளே (எதிராளி பெனல்டியில உக்காந்திருக்க, ஆள் கூட வச்சு ஆடுறது) கிடைச்சுச்சு, இப்போல்லாம் அது 3-ஐ ஒட்டித்தான் இருக்கு. பாதியா குறைஞ்சிருச்சு. அப்போ அந்த வருஷம் ஒருத்தன் பவர் ப்ளேல போட்ட கோலையும் இப்போ ஒருத்தன் போடுறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இவன் அவன விட மட்டம்னு சொல்ல முடியுமா. 2017-18-லயும் இப்படித்தான், கையில ஸ்டிக்கால தட்டுறத இனிமே ஊதுவோம்னு சொல்லி சீசனுக்கு முந்தின ஆட்டங்கள்ல ஊது ஊதுன்னு ஊதி பெனல்டி பெட்டி நிரம்பி வழிஞ்சுச்சு. ஆட்டக்காரன் அதேதான், ஸ்டிக்கும் அதேதான், கணக்கு மட்டும் மாறிப்போச்சு.

ஒரே சீசனுக்குள்ளயும் மாறும். பிளேஆஃப் வந்துட்டா விசில பாக்கெட்டுல போட்டுக்குவாங்கன்னு ரசிகர்கள் வருஷா வருஷம் பொலம்புவாங்க, ரெண்டு ஆட்டம் உக்காந்து பாத்தா பொலம்பல்ல நியாயம் இருக்குன்னு தெரியும், குறிப்பா மூணாவது பீரியட் கடைசியிலயும் ஓவர்டைம்லயும். அப்புறம் சரிக்கட்டுறது. ஒரு டீமுக்கு தொடர்ந்து பெனல்டி போச்சுன்னா அடுத்தது எதிர் டீமுக்கு போற வாய்ப்பு கூடுதுன்னு என்.எச்.எல் ஆட்டக் கணக்குகள எடுத்து ஆராய்ச்சி பண்ணவங்களே காட்டியிருக்காங்க. நம்ம தோட்டத்து தீபாவளி கிண்ண பந்து விளையாட்டுல ரெஃப்ரி மாமா முதல் பாதியில ஒரு பெனால்டி கொடுத்துட்டா ரெண்டாவது பாதியில அந்த பக்கம் ஒண்ணு கொடுத்துட்டுத்தான் வீட்டுக்கு போவாரு, இல்லன்னா மோட்டார் டயர்ல காத்து இருக்காது, அது ஊருக்கு ஊரு இருக்குற வியாதி. 2021 மார்ச்சுல நாஷ்வில் டெட்ராய்ட் ஆட்டத்துல டிம் பீல்னு ஒரு ரெஃப்ரி, மைக் ஓடிக்கிட்டு இருக்குறது தெரியாம, பெருசா ஒண்ணும் நடக்கல, ஆனா நாஷ்வில் மேல ஆரம்பத்துலேயே ஒரு பெனல்டி போடணும்னு நெனச்சேன்கிற மாதிரி பேசிட்டாரு, டிவியில அப்படியே போயிருச்சு. லீக் அவர அதுக்கப்புறம் ஒரு ஆட்டத்துக்கும் போடல. நாம வெளியில இருந்து சந்தேகப்படுறது உள்ளயும் நடக்குதுன்னு அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அதனால நோட்டுல பெனல்டி எழுதுறப்போ அதுக்கு முந்தின பெனல்டி யாருக்கு போச்சுன்னும் ஒரு எழுத்து போட்டு வைங்க.

இத விட பெரிய கூத்து 2019 ஏப்ரல்ல. பிளேஆஃப்ல வேகஸ் சான் ஹோசே ஏழாவது ஆட்டம், மூணாவது பீரியட், வேகஸ் 3-0. ஃபேஸ் ஆஃப் (பக்க நடுவுல போட்டு ஆட்டத்த தொடங்குறது) முடிஞ்ச நொடியில வேகஸ் ஆளு கோடி ஈக்கின் சான் ஹோசே கேப்டன் ஜோ பாவெல்ஸ்கிய நெஞ்சுல ஸ்டிக்கால தள்ளுறாரு, அவரு நிலை தடுமாறி இன்னொருத்தன் மேலயும் இடிச்சு தலை ஐஸ்ல படுது, ரத்தம். நடந்தப்போ யாரும் பெருசா ஊதல, ரத்தத்த பாத்த பிறகு கூடிப் பேசி அஞ்சு நிமிஷ மேஜர் பெனல்டி கொடுத்தாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல சான் ஹோசே நாலு கோல் போட்டுச்சு, ஓவர்டைம்ல ஆட்டத்தையே ஜெயிச்சுச்சு. லீக் அப்புறம் வேகஸ்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு, அடுத்த சீசன்ல இருந்து மேஜர் பெனல்டிய ரெஃப்ரி திரையில பாத்து சரி பண்ணலாம்னு ரூல மாத்துனாங்க. நோட்டு எழுதுறப்போ இத ஞாபகம் வச்சுக்குங்க, தள்ளுன தள்ளு எவ்வளவுன்னு எழுதணும், விழுந்தவனுக்கு என்ன ஆச்சுன்னு இல்ல. அந்த பாவெல்ஸ்கிய 2003 டிராஃப்ட்ல (டீமுங்க இளம் பசங்கள வரிசையா பொறுக்கி எடுக்குறது) 205-வது ஆளா எடுத்தாங்கங்கிறதையும் சேத்து எழுதிக்குங்க, திறமை தேடி அலையுற ஸ்கவுட்டுங்களும் எல்லாத்தையும் பாத்துர்றதில்ல.

சரி, இப்போ நோட்டோட எதிர் பக்கம். பையன பாக்குறதுன்னா பக்க பாக்காம இருக்கணும், சொல்றது சுலபம், கண்ணு தானா பக்குக்கு போகும். ஒரு ஷிஃப்ட், அதாவது ஐஸ்ல இறங்கி மறுபடி பெஞ்சுக்கு போற வரைக்கும், முக்கால் நிமிஷம்தான், அந்த முக்கால் நிமிஷம் ஒருத்தன மட்டும் பாக்குறதுன்னு வச்சுக்குங்க. கேமரா பக்கோடவே ஓடுறதால ஆளு அடிக்கடி திரைய விட்டு போயிருவான், பரவாயில்ல, எங்க இருந்து போனான் எங்க திரும்பி வந்தான்னு பாத்தாலே சோம்பேறியா இல்லையான்னு புரிஞ்சுரும். ஸ்கேட்டிங்ல முதல் மூணு அடி, அதுதான் எனக்கு முக்கியம், நேரா ஓடுற வேகம் எல்லாருக்கும் வந்துரும், நின்ன இடத்துல இருந்து கிளம்புறதும் திரும்புறப்போ வேகம் குறையாம இருக்குறதும்தான் பிரிச்சு காட்டும். டிஃபென்ஸ் பையன்னா மூலையில பக்க எடுக்க போறப்போ தோள் மேல திரும்பி பாக்குறானான்னு எண்ணுங்க. பாக்காம போறவன் இன்னிக்கு தப்பிப்பான், பெரிய ஆளுங்களோட ஆடுறப்போ சுத்தி இருக்குற பலகையில (போர்டு) ஒட்டிக்குவான்.

எப்படி எழுதணும்னு ஒரு ஷிஃப்ட் காட்டுறேன், இந்த அளவுக்குத்தான் இருக்கணும்:

இடது டிஃபென்ஸ், 17 வயசு, ரெண்டாவது பீரியட், ஸ்கோர் 1-1. பக் மூலைக்கு போச்சு. திரும்பி ஓடுனான், தோள் மேல ரெண்டு தடவ பாத்தான். பின்னாடி வந்தவன் இடுப்புல ஸ்டிக் போட்டு இழுத்தான், கிட்ட இருந்த ரெஃப்ரி பாத்தாரு, விட்டாரு. பையன் விழல. முதுகால மறைச்சு பக்க சென்டருக்கு கொடுத்தான். பெஞ்சுக்கு போறப்போ ரெஃப்ரிய திரும்பி பாக்கல.

இதுல கோல் இல்ல பாயிண்ட் இல்ல பெனல்டியும் இல்ல, ஸ்கோர் ஷீட்டுல இந்த ஷிஃப்ட் வெறும் வெள்ளைத்தாளு. ஆனா எனக்கு இந்த ஒண்ணுலேயே நாலு விஷயம் கிடைச்சாச்சு. இழுத்தும் விழாத காலு இருக்கு, இழுக்குறதுக்கு முன்னாடியே போக வேண்டிய இடம் தெரிஞ்சிருக்கு, ஊதலன்னா தலைய இழக்குறதில்ல, அப்புறம் அவன புடிச்சு இழுத்தாத்தான் நிறுத்த முடியும்னு எதிராளி நெனைக்கிறான். ஒருத்தன் எத்தன பெனல்டிய எதிராளிக்கு வாங்கி கொடுத்தான்னு இப்போல்லாம் கணக்கு வருது, நல்ல கணக்குதான், ஆனா அதுல ஊதுனது மட்டும்தான் இருக்கும். வேகமான பையனுக்கு ஊதாம விட்டதையும் நீங்க எழுதி சேத்து பாருங்க. எட்மன்டனோட வேகமான ஆளு கானர் மெக்டேவிட்ட எத்தன பேரு தொங்கிக்கிட்டு போனாலும் ஊத மாட்டேங்கிறாங்கன்னு எட்மன்டன் ரசிகர்கள் கதறுறது இதுக்குத்தான், கதறல்ல பாதி பாசம்னு வச்சுக்கிட்டாலும் மீதி பாதிய நோட்டு இருந்தா சரிபாக்கலாம்.

பையன் வாங்குற பெனல்டிய நிமிஷமா கூட்டாதீங்க, இனம் பிரிங்க. எதிராளி கோல் பக்கத்துல பக்க விட்டுட்டு ஆத்திரத்துல பின்னாடி இருந்து தட்டி வாங்குறது சோம்பேறி பெனல்டி, அது எனக்கு பெரிய கறுப்பு புள்ளி. கோல் கீப்பர் முன்னாடி தனியா நிக்கிறவன் கோல் போடாம இருக்க இழுத்து வாங்குறது வேற, அத கோச்சே முதுகுல தட்டிக் கொடுப்பாரு. ஊதுனதுக்கு வாய் பேசி இன்னொரு ரெண்டு நிமிஷம் வாங்குறவன் மூணாவது இனம். ஒரே ஆட்டத்த பாத்து முடிவு பண்ணாதீங்க, கடுமையா ஊதுற ரெஃப்ரி வந்த ஆட்டம் ஒண்ணு, தாராளமா விடுற ரெஃப்ரி வந்த ஆட்டம் ஒண்ணு, ரெண்டையும் பாத்துட்டு வாய திறங்க. கடுமையான ரெஃப்ரிகிட்ட முதல் பெனல்டி வாங்குன பிறகு ஸ்டிக்க கீழ இறக்கி காலால ஆட தெரிஞ்ச பையன்தான் எனக்கு வேணும், தாராளமான ரெஃப்ரி வந்தா உடம்ப போட்டு ஆடவும் தெரியணும். முதல் ரகத்துல மட்டும் மின்னுற குட்டி பையன் பிளேஆஃப்ல காணாம போயிரலாம், பாயிண்ட்ட பாத்தா அது தெரியாது.

ரெஃப்ரி யாரா இருந்தாலும் கவலையே இல்லாத ஆட்டக்காரன் எப்படி இருப்பான்னு பாக்கணும்னா பாவெல் டாட்சியூக்கோட பழைய வீடியோவ தேடுங்க. டெட்ராய்ட் அவர 1998-ல 171-வது ஆளா எடுத்துச்சு, ரஷ்யாவுல மெலிஞ்ச பையன், டெட்ராய்ட்டோட ஐரோப்பா ஸ்கவுட் ஹாக்கன் ஆண்டர்சன் வேற ஒரு பையன பாக்க போன இடத்துல கண்ணுல பட்டவரு. அவரு எதிராளிகிட்ட இருந்து பக்க திருடுறத கவனிங்க. பின்னாடியே வருவாரு, எதிராளி உடம்புல ஸ்டிக்க வைக்கவே மாட்டாரு, எதிராளியோட ஸ்டிக்குக்கு அடியில தன் ஸ்டிக்க கொடுத்து ஒரு சாண் மேல தூக்குவாரு, அந்த நொடியில பக் அநாதையா கிடக்கும், அதே அசைவுல எடுத்துக்கிட்டு திரும்பி போயிருவாரு. ஸ்டிக்கு ஸ்டிக்குல பட்டா அது திருட்டு, இடுப்புலயோ கையிலயோ மாட்டி இழுத்தா ஹூக்கிங், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு அங்குலம்தான். 2006 தொடங்கி 2009 வரைக்கும் தொடர்ந்து நாலு தடவ ஒழுங்கா ஆடுறவருக்கு கொடுக்குற லேடி பிங் கோப்பை, 2008-ல இருந்து மூணு தடவ நல்லா தடுத்தாடுற ஃபார்வர்டுக்கு கொடுக்குற செல்கி கோப்பை. சிக்கல் இல்லாமலும் தடுத்தும் ஆடுறதுக்கு ரெண்டு கோப்பையும் சேர்ந்து வாங்குறதுன்னா சும்மா இல்ல, அதுவும் எல்லாத்தையும் ஊதிக்கிட்டு இருந்த காலத்துல.

உயரத்த பாத்து மிரளாதீங்க. மார்டின் செயின்ட் லூயி அஞ்சடி எட்டங்குலம், டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, 2003-04-ல லீக்குலேயே அதிக பாயிண்ட் எடுத்தாரு, அதுவும் ஊதாம இழுத்து புடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல. பிரேடன் பாயிண்ட்னு (பேரே பாயிண்ட்தான்) ஒரு ஆட்டக்காரர், அவரையும் 2014 டிராஃப்ட்ல 79-வது ஆளாத்தான் எடுத்தாங்க.

பிறந்த தேதி பாருங்க, இத பசங்க பாக்கவே மாட்டேங்கிறானுங்க. செப்டம்பர் 15-க்குள்ள 18 முடிஞ்சிருந்தாத்தான் அந்த வருஷ டிராஃப்ட். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17-ல பிறந்தவரு, ரெண்டு நாள்ல 2015 டிராஃப்ட் போச்சு, ஒரு வருஷம் சுவிட்சர்லாந்துல பெரியவங்களோட போய் ஆடிட்டு 2016-ல முதல் ஆளா போனாரு. அதனால ஒரே டிராஃப்ட்ல இருக்குற ரெண்டு பசங்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம் இருக்கலாம், அந்த வயசுல ஒரு வருஷம்னா உடம்பே வேற. லீக்கும் அப்படித்தான். கனடா ஜூனியர் லீக்குல 16-ல இருந்து 20 வயசு பசங்களுக்குள்ள ஆடுறதும், சுவீடன்ல குடும்பஸ்தங்களோட ஆடி பத்து பாயிண்ட் எடுக்குறதும் ஒண்ணு இல்ல. ஐரோப்பாவுல பல ரிங்கு அகலம் கூட, 30 மீட்டர் வரைக்கும், இடம் கூட இருந்தா மோதல் குறையும், மோதல் குறைஞ்சா ஊதலும் வேற மாதிரி இருக்கும். உலக ஜூனியர்ல பல நாட்டு ரெஃப்ரிங்க வருவாங்க, சர்வதேச ரூல்ல சண்டை போட்டா ஆட்டத்த விட்டே வெளிய போகணும், என்.எச்.எல்ல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு திரும்பி வரலாம். நோட்டு மேல எந்த லீக் எந்த ரூலுன்னு எழுதலன்னா ஆறு மாசம் கழிச்சு படிச்சா உங்களுக்கே புரியாது.

பாயிண்ட்ட அஞ்சுக்கு அஞ்சு பேரு ஆடுறப்போ வந்தது, பவர் ப்ளேல வந்ததுன்னு ரெண்டா வெட்டி வைங்க. பாதிக்கு மேல பவர் ப்ளேன்னா உடனே தூக்கி போடாதீங்க, அந்த லீக்குல எவ்வளவு ஊதுறாங்கன்னு ரெஃப்ரி பக்கத்த பாத்துட்டு பேசுங்க.

கோல் கீப்பர பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, அது தனி வித்தை, பெரிய ஸ்கவுட்டுங்களே தலைய சொறியிற இடம். ரெஃப்ரி சம்பந்தமா மட்டும் ஒண்ணு, கோல் முன்னாடி நீல அரைவட்டத்துல எதிராளி அவர இடிச்சாங்களான்னு பாக்குறது இருக்கே அதுதான் ஆட்டத்துலேயே ஆளுக்கு ஆள் மாறுற தீர்ப்பு. கோச் அத எதுத்து திரையில பாக்க சொல்லலாம், தோத்துட்டா ரெண்டு நிமிஷ பெனல்டி, ரெண்டாவது தடவையும் தோத்தா நாலு நிமிஷம். அந்த தீர்ப்ப வச்சு யாரையும் எடை போடாதீங்க, ரெஃப்ரியையும் சேத்துத்தான் சொல்றேன்.

பழகணும்னா என்.எச்.எல்ல ஆரம்பிக்க வேண்டியதில்ல. ஈப்போவுல ஹாக்கி நடக்குறப்போ போய் அம்பயர் எங்க நிக்கிறாரு, எப்போ விட்டுட்டு எப்போ ஊதுறாருன்னு மட்டும் எழுதி பாருங்க, வேகம் கம்மி, கண்ணு பழகும், கூட வர்ற அண்ணன் யாராவது பழைய ஆட்டக்காரரா இருந்தா அவர்கிட்ட நோட்ட காட்டி சண்டை போடுங்க, அந்த சண்டையில கத்துக்குறது அதிகம். அதுக்கப்புறம் கோலாலம்பூர் போற வேலை வந்துச்சுன்னா சன்வே பிரமிட்ல ரிங்க் இருக்கு, 2017 சீ கேம்ஸ்ல ஐஸ் ஹாக்கிய முதல் தடவையா சேத்தப்போ நம்ம நாட்டுலதான் ஆடுனாங்க, பனியே இல்லாத பிலிப்பைன்ஸ்தான் தங்கம் அடிச்சுச்சு. உள்ளூர் ஆளுங்க ஆடுற நேரமா பாத்து போங்க. நடுக்கோட்டு பக்கம் உக்காராதீங்க, மூலைக்கு மேல நில்லுங்க, அங்க இருந்தாத்தான் உள்ள நிக்கிற ரெஃப்ரி என்ன பாக்குறாரோ அதையே நீங்களும் பாக்கலாம், பேனாவுக்கு பதிலா பென்சில் எடுத்துக்குங்க, குளிர்ல பேனா எழுதாம மக்கர் பண்ணும், கை நடுங்காம இருக்க ஒரு தடிமனான ஸ்வெட்டர்.